ஞாயிறு நடந்தவர்கள் திங்களன்று வேலைக்குப் போக வேண்டும்

கேள்வி: காரைக்குடியில் ஒரு பழைய வீட்டை ஓட்டலாக மாற்றும் வேலை நடக்கிறது. அங்கே சாரத்திலிருந்து விழுந்த ஒடிசா இளைஞருக்கு ஐயாயிரம் ரூபாயைக் கையில் கொடுத்து ரயிலேற்றி அனுப்பிவிட்டார்கள். எங்களுக்கு மனம் ஆறவில்லை. சர்வதேசப் புலம்பெயர்ந்தோர் நாளான டிசம்பர் 18 அன்று பேரணி நடத்த நண்பர்கள் சிலர் நினைக்கிறோம். வடமாநிலத் தொழிலாளர்கள், முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்கள், வளைகுடாவில் ஏமாற்றப்பட்டுத் திரும்பிய நம் ஊர்க்காரர்கள் எல்லோரையும் ஒன்றாகத் திரட்டலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

தம்பி, முதலில் அந்த ஒடிசா இளைஞரின் போன் நம்பரைத் தேடிப் பிடியுங்கள். அவரைக் கைவிட்டுவிட்டு அவருக்காக ஊர்வலம் போவதை என் மனம் ஏற்கவில்லை. வேலையில் பட்ட காயத்துக்கு இழப்பீடு கேட்க இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. அதற்காக அவர் காரைக்குடிக்குத் திரும்பி வர வேண்டியதில்லை. விபத்து நடந்த இடத்துக்குரிய அதிகாரியிடமும் மனுப் போடலாம், தொழிலாளி வழக்கமாக வசிக்கும் ஊருக்குரிய அதிகாரியிடமும் போடலாம். 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்த இந்த வசதி புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. ஒப்பந்ததாரர் கைவிரித்தாலும், அவருக்கு வேலையைக் கொடுத்த நிறுவனத்தின் மீதும் பொறுப்பைச் சுமத்தலாம். ஆனால் சாட்சியம் இங்கேதான் இருக்கிறது. விழுந்த தேதி, இடம், கூட நின்ற இரண்டு பேரின் பெயரும் ஊரும், மருத்துவமனைச் சீட்டு, அந்தச் சாரத்தின் படம் ஆகியவற்றை இந்த வாரமே சேர்த்துவிடுங்கள். அடுத்த மாதம் சாரத்தைப் பிரித்திருப்பார்கள். கூட நின்றவர்கள் வேறு ஊருக்குப் போயிருப்பார்கள்.

இனி பேரணிக்கு வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் இப்படி ஓர் ஊர்வலத்தை நானே முன்னின்று நடத்தினேன். நூறு பேருக்கு மேல் வந்தார்கள். அனுமதி, ஒலிபெருக்கி, தண்ணீர், மனு என்று எதிலும் குறை வைக்கவில்லை. மறுநாள் பத்திரிகையில் படமும் வந்தது. பதாகையின் இரண்டு முனைகளையும் பிடித்து முன்வரிசையில் நின்ற நான்கு பேரின் முகமும் அதில் தெளிவாகத் தெரிந்தது. அன்று காலை வேலைக்கு ஆள் ஏற்றும் வண்டியில் அந்த நால்வரை மட்டும் ஏற்றவில்லை. ஏழு வாரக் கூலி பாக்கி இருந்தது, அதுவும் கிடைக்கவில்லை. மனுவுக்கு வாங்கிய ஒப்புகைச் சீட்டைப் பையில் பத்திரமாக வைத்திருந்தேன். அந்த நால்வருக்குக் கொடுக்க என்னிடம் வேறெதுவும் இல்லை. இருவர் அன்றிரவே ரயிலேறிவிட்டார்கள். அன்றிலிருந்து எந்தப் பேரணியையும் நான் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன்: யாருக்காக நடந்தோமோ அவர்கள் மறுநாள் வேலைக்குப் போனார்களா?

இதைப் புரிந்துகொள்ள அவர்கள் தங்கும் அறைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போய் உட்காருங்கள். மேடைப் பேச்சாளர் வேண்டாம், நோட்டீஸ் வேண்டாம், இரண்டு பேர் போதும். நான் போயிருந்த ஓர் அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். ஒரே பல்பு. மூலையில் சிறிய கேஸ் அடுப்பில் ஒருவர் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். கூலிக் கணக்கைப் பற்றிக் கேட்டதும் ஒருவர் தலையணைக்கு அடியிலிருந்து உள்ளங்கை அகல நோட்டு ஒன்றை எடுத்தார். பக்கம் பக்கமாகப் பென்சில் கோடுகள். முழு நாள் வேலைக்கு நீளக் கோடு, அரை நாளுக்குப் பாதிக் கோடு, மழையில் வேலை நின்ற நாளுக்கு ஒரு வட்டம். சனிக்கிழமை வாங்கிய காசு மட்டும் எண்ணில் எழுதியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத மனிதர் தனக்காக வைத்திருந்த வருகைப் பதிவேடு அது. ஒப்பந்ததாரர் தரப்பிலிருந்து அவருக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட வந்ததில்லை.

வடமாநிலத் தொழிலாளர்களிடம் நடக்கும் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான். வாரக் கடைசியில் சாப்பாட்டுச் செலவுக்கு மட்டும் கொஞ்சம் காசு கொடுப்பார்கள். மீதியெல்லாம் ஊருக்குப் போகும்போது மொத்தமாகத் தருவதாகப் பேச்சு. துர்கா பூஜை, சத் பூஜை, ஹோலி என்று ஊர் போகும் காலம் வரும்வரை அந்தப் பாக்கி ஏறிக்கொண்டே இருக்கும். அந்தப் பாக்கிதான் அவர்களைக் கட்டிவைத்திருக்கும் கயிறு. நீங்கள் குறித்திருக்கும் டிசம்பர் மாதத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள். சத் பூஜை முடிந்து திரும்பியவர்களுக்கு ஹோலிவரை பணம் மாட்டிக்கொண்டிருக்கும் காலம் அது. வரத் தயங்கும் ஒருவரைப் பார்த்து "பயந்தாங்கொள்ளி" என்று உங்கள் நண்பர் எவரும் சொல்லிவிடக் கூடாது. மூன்று மாதக் கூலியைப் பணயம் வைத்துக்கொண்டு தெருவில் நடக்க நம்மில் எத்தனை பேர் முன்வருவோம்?

இந்தப் பாக்கி வழக்கம் சட்டத்துக்கு விரோதமானது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வாரக் கூலி என்றால் வாரத்தின் கடைசி வேலைநாளில் தந்தாக வேண்டும். மாதச் சம்பளம் என்றால் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள். வேலையிலிருந்து நீக்கினாலோ அவரே விலகினாலோ இரண்டு வேலைநாட்களுக்குள் கணக்கை முடிக்க வேண்டும். ஆகவே உங்கள் பேரணிக்கு ஒரே கோரிக்கையை வையுங்கள்: கூலியை உரிய நாளில் கொடு, கையில் சீட்டுக் கொடு. இருபது கோரிக்கைகளை அச்சடித்த மனுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதிகாரி எளிதானவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார். ஒரே கோரிக்கை என்றால் தப்பிக்க வழியில்லை. அடுத்த மாதம் 8ஆம் தேதி நீங்கள் நேரில் போய் நடந்ததா இல்லையா என்று பார்த்துவிடலாம். சீட்டு என்று ஒன்று வந்துவிட்டால் அதைக் கொண்டு இழப்பீடு, இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு, நல வாரிய உதவி என்று மற்றதை ஒவ்வொன்றாகக் கேட்கலாம். இன்று அந்த ஒடிசா இளைஞர் அங்கே வேலை பார்த்தார் என்பதையே நீங்கள் நிரூபிக்க வேண்டியிருக்கிறது அல்லவா?

மூன்று தரப்பையும் ஒன்றாகத் திரட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசை புரிகிறது. ஆனால் மூவரின் நிலையும் சட்டத்தின் முன் வேறு வேறு. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர் இந்தியக் குடிமகன். நாட்டின் எந்தப் பகுதிக்கும் போகவும் வசிக்கவும், ஆயுதமின்றி அமைதியாகக் கூடவும் அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு அவருக்கு உரிமை தருகிறது. காரைக்குடித் தெருவில் நடக்க எனக்கு எவ்வளவு உரிமையோ அவ்வளவு அவருக்கும் உண்டு. முகாமில் வாழும் இலங்கைத் தமிழருக்கு அந்தப் பிரிவு இல்லை, அது குடிமக்களுக்கு மட்டுமே உரியது. உயிர் வாழும் உரிமையும் சட்டத்தின் முன் சமத்துவமும் அவருக்கு உண்டு. ஆனால் பேரணியில் நடந்ததற்காக அவர் மீது ஒரு வழக்குப் பதிவானால், நாளை குடியுரிமைக்கோ வெளிநாட்டுப் பயணத்துக்கோ விண்ணப்பிக்கும்போது அது குறுக்கே வந்து நிற்கும். நாற்பது ஆண்டு காத்திருப்பை நம் ஒருநாள் உற்சாகத்துக்காக ஆபத்தில் தள்ள நமக்கு உரிமை கிடையாது.

அவர்களின் சிக்கல் ஆழமானது, தனியாகப் பேசப்பட வேண்டியது. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறீமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களைப் பங்கு பிரித்தது. 1983க்குப் பிறகு போரில் தப்பி வந்தவர்களோடு மலையக வம்சாவளியினரும் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்ற மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களோடு நின்றுவிட்டது, இலங்கையிலிருந்து வந்தவர்களைச் சேர்க்கவில்லை. 2021இல் தமிழக அரசு முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி வீடுகள் கட்டித் தரத் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் குடியுரிமை தருவது மத்திய அரசின் கையில் இருக்கிறது. பேரணியைவிட இங்கே ஒரு சட்ட உதவி முகாம் பெரிய பலன் தரும். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் குடிமகன். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்த அடிப்படையில் பாஸ்போர்ட் வழங்கும்படி 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அருகிலுள்ள முகாமில் அந்தத் தேதிக்கு முன் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு வழக்கறிஞரோடு போய்க் கணக்கெடுங்கள். ஒருவருக்குக் குடியுரிமை கிடைத்தாலும் அவருடைய பிள்ளைகளின் வழியும் மாறும்.

வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களின் மனுக்கள் டெல்லிக்கும் தூதரகத்துக்கும் போக வேண்டியவை. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதன் மீதான வரியும்தான் உச்சவரம்பு என்பதுகூட நம் கிராமங்களில் பலருக்குத் தெரியாமல், இரண்டு மூன்று லட்சம் கட்டிவிட்டு வந்து நிற்கிறார்கள். அதற்குத் தனிக் கூட்டம் போடுங்கள். ஆனால் பேரணிக்கு அவர்கள் கட்டாயம் வேண்டும், முன்வரிசையிலேயே வேண்டும். சவூதியில் பாஸ்போர்ட்டைக் கபீல் என்னும் அங்குள்ள முதலாளியிடம் பறிகொடுத்து, எட்டு மாதச் சம்பளம் வராமல், சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துத் திரும்பிய நம் ஊர் மனிதர் ஒருவர் மைக்கைப் பிடித்து, "எனக்கு அங்கே நடந்ததுதான் இந்தப் பையன்களுக்கு இங்கே நடக்கிறது" என்று சொல்லட்டும். கடைவீதியில் நின்று கேட்பவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ஊரின் மனநிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். "நம்ம ஆளுக்கே வேலை இல்லை, இவர்களுக்குப் பேரணியா?" என்று கேட்பார்கள். கேட்பவர் கெட்டவர் இல்லை. அவர் கொத்தனாராகவோ சித்தாளாகவோ இருக்கலாம். அவருடைய கூலி உண்மையிலேயே தேங்கி நிற்கிறது. அவரிடம் மனிதநேயத்தைப் பற்றிப் பேசாதீர்கள், கூலியைப் பற்றிப் பேசுங்கள். பாக்கி வைத்து, சீட்டில்லாமல், கேட்க நாதியில்லாமல் ஒருவனை வேலை வாங்க முடிகிறவரை ஒப்பந்ததாரர் உள்ளூர்க்காரருக்கு ஏன் அதிகம் கொடுக்கப் போகிறார்? வெளிமாநிலத் தொழிலாளருக்கு, அதே வேலை செய்யும் மற்றவரைவிடக் குறைந்த கூலி கூடாது என்பது 1979ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதிய கொள்கை. அதை நடைமுறைப்படுத்தினால் முதலில் பயனடைகிறவர் நம் கொத்தனார். உள்ளூர்க் கட்டுமானத் தொழிலாளர் சங்கங்களிடம் இதைச் சொல்லி, அவர்கள் தலைமையில் பேரணி நடக்குமாறு செய்யுங்கள். உங்கள் பெயரில் நடத்த வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள்.

செட்டிநாட்டுக்காரர்களிடம் பேச உங்களுக்கு வேறொரு பேச்சும் இருக்கிறது. இந்த வீடுகளின் தேக்குத் தூண்கள் எங்கிருந்து வந்தன? பர்மாவிலிருந்துதானே? கடல் கடந்து தொழில் செய்ய, நம் பேச்சில் கொண்டுவிக்கப் போன ஊர் இது. அங்குள்ள கடையில் எடுபிடி வேலைக்கு, பெட்டியடிப் பையனாகப் போனவர்கூட மூன்று வருடத் தவணை இவ்வளவு, சம்பளம் இவ்வளவு என்று பேசி எழுதி வைத்துக்கொண்டுதான் கப்பலேறினார். அந்த எழுத்தைத்தான் இன்று இந்த இளைஞர்கள் கேட்கிறார்கள். போன இடத்தில் நாம் செய்ததும் உண்டு. 1930களின் விலை வீழ்ச்சியில் கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால்வாசி, செட்டியார்களின் லேவாதேவிக் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. அந்த மனக்கசப்பை ஆட்சியாளர்கள் ஊதிப் பெருக்கினார்கள். அதன் விலையைக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் லேவாதேவிக்காரர்கள் இல்லை, துறைமுகக் கூலிகளும் சிறு கடைக்காரர்களும். 1942இல் ஜப்பானியக் குண்டுவீச்சுக்குத் தப்பிக் காடும் மலையும் கடந்து நடந்து வந்தார்கள். 1964இல் பர்மாவின் நே வின் ராணுவ ஆட்சி கடைகளை நாட்டுடைமையாக்கியபின் இலட்சக்கணக்கானோர் நகையைக்கூடக் கொண்டுவர முடியாமல் கப்பலில் வந்து இறங்கினார்கள். காரைக்குடியிலேயே பர்மா காலனி இருக்கிறது. அங்கே சிறுவயதில் அப்படி வந்து இறங்கிய பெரியவர் ஒருவரை அழைத்து, ஐந்து நிமிடம் பேசச் சொல்லுங்கள்.

நோட்டீசில் சொற்களைப் பார்த்துப் போடுங்கள். "வந்தேறி", "வடக்கன்" என்பவற்றை மறுப்பதற்காகக்கூட எழுத வேண்டாம். "வெளிமாநிலத் தொழிலாளர்" என்றால் போதும். அச்சடித்த இந்தி நோட்டீசைவிட, இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் ஒரு நிமிடக் குரல் பதிவு வாட்ஸ்அப்பில் நன்றாகப் பரவும். பேசுகிறவர் அவர்களில் ஒருவராக இருக்க வேண்டும், பதிவில் அவர் பெயர் இருக்கக் கூடாது. 2023 மார்ச்சை நினைவில் வையுங்கள். தமிழ்நாட்டில் பீகாரிகளைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, ஆட்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ரயில் நிலையங்களுக்கு ஓடினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே நேரில் வந்து பார்த்த பிறகுதான் அடங்கியது. உங்கள் பேரணியில் ஒரு தள்ளுமுள்ளு நடந்து அது பத்து வினாடி வீடியோவாகப் போனால் மறுபடி அதே கதை தொடங்கும். வங்காளம் பேசுகிறவர்களிடம் கூடுதல் கவனம் தேவை. பேச்சைக் கேட்டதுமே வங்கதேசத்தவரா என்று சந்தேகிக்கும் காலம் இது. அவர்கள் வராவிட்டாலும் பரவாயில்லை என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

காவல்துறை அனுமதிக்குப் பதினைந்து நாள் முன்பே எழுதிக் கொடுங்கள். டி.எஸ்.பி. அலுவலகத்துக்கு மனு, காவல் நிலையத்துக்கு நகல், இரண்டிலும் முத்திரையோடு ஒப்புகை. நம் மாவட்டங்களில், ஊர்வலத்துக்கு முன் அனுமதி வாங்க வைக்கும் காவல் சட்டம் 30(2) நடைமுறையில் இருப்பதாகச் சொல்லி மறுப்பது உண்டு. வாய்மொழி மறுப்பை ஏற்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். எழுத்து கையில் இருந்தால் மதுரைக் கிளைக்குப் போகலாம். பொதுத்தெருவில் கூடுவதைக் காவல்துறை ஒழுங்குபடுத்தலாம், அடியோடு தடுக்கும் கட்டற்ற அதிகாரம் இல்லை என்று ஹிமத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1970களிலேயே சொல்லியிருக்கிறது. கடைசி நாள் மாலை மறுப்பு வந்தால் எந்த நீதிமன்றத்துக்கும் நேரமிருக்காது, அதனால்தான் பதினைந்து நாள். ஊர்வலத்துக்கு இடம் தராவிட்டால் ஐந்து விளக்கு அருகே நின்று நடத்தும் ஆர்ப்பாட்டத்துக்கு ஒத்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கிக்குத் தனியாகக் கேட்க மறக்காதீர்கள்.

நாள் விஷயத்தில் டிசம்பர் 18ஐப் பிடித்துத் தொங்க வேண்டாம். அதையடுத்த ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வையுங்கள். வேலைநாளில் வைத்தால் ஒருநாள் கூலி போகும். கல்லுக்கட்டிப் பக்கம் நெரிசல், அந்தப் பாதை வேண்டாம். அகலமான சாலையாக, குறைந்த தூரமாக இருக்கட்டும். 2025 செப்டம்பரில் கரூரில் 41 உயிர்கள் நெரிசலில் போனதைக் கண்ணீரோடு பார்த்தோம். நம்முடையது சிறிய கூட்டம்தான், ஆனாலும் இருபது பேருக்கு ஒரு தொண்டர், இருபுறமும் கயிறு, ஆம்புலன்ஸ் போக ஒரு பாதி சாலை, ஒவ்வொரு நிறுத்தத்திலும் தண்ணீர் என்று எழுதி வைத்துச் செய்யுங்கள். சொன்ன நேரத்தில் தொடங்கி, இருட்டுவதற்கு முன் முடியுங்கள். அவர்களை அறைவரை கொண்டுபோய் விடும் பொறுப்பும் உங்களுடையது.

முன்வரிசையில் உள்ளூர்ச் சங்கத்தினர், வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள், ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள் நிற்கட்டும். பாக்கி இல்லாமல் கணக்கு முடித்த தொழிலாளர்கள் விரும்பினால் நடுவில் வரட்டும். பாக்கி உள்ளவர்கள் வர வேண்டாம். அவர்களுடைய நோட்டுப் பக்கங்களின் படங்களை, பெயர் தெரியாமல், அட்டையில் ஒட்டி நாம் தூக்கிக்கொண்டு நடப்போம். அந்தப் பென்சில் கோடுகளைப் பார்த்து நிற்காத கண் இருக்காது. பத்திரிகையாளர்களிடம் முன்கூட்டியே பேசி, முகம் தெரியும் படம் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் பழகியவரை, காரணத்தைச் சொன்னால் மதிக்கிறார்கள்.

மறுநாள் திங்கள், சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். மனுவோடு ஐந்து பேர் அங்கே போங்கள், அப்படியே தொழிலாளர் துறைக்கும் ஒரு நகல் கொடுத்துவிட்டு வாருங்கள். ஆனால் அந்த ஐவரில் நீங்கள் இருக்க வேண்டாம். காலை ஏழு மணிக்கு, வேலைக்கு ஆள் ஏற்றும் இடத்தில் போய் நில்லுங்கள். ஞாயிறு நடந்தவர்கள் எல்லோரும் வண்டியில் ஏறினார்களா என்று ஒவ்வொருவராக எண்ணுங்கள். யாராவது விடுபட்டிருந்தால் அந்த நிமிடமே எனக்குப் போன் செய்யுங்கள். இரண்டு வேலைநாட்களுக்குள் கணக்கு முடிக்க வேண்டும் என்ற விதியோடு, அவருடைய நோட்டையும் எடுத்துக்கொண்டு, அன்று பகலிலேயே நானும் உங்களோடு வருகிறேன்.